அப்பா பூசைக்கு வருவதில்லை

காலை ஐந்து மணி முப்பத்தைந்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது கோயில் சுவரோரம் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்த சைக்கிளும் அதன் கேரியரில் கயிற்றால் கட்டியிருந்த தென்னந்துடைப்பமும்தான். பக்கச் சன்னலின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நின்ற ஆள் என் அப்பா என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. கடலூரில் வேலை பார்த்த மாமா அந்த வாரம்தான் எனக்கு ஒரு எலக்ட்ரானிக் கடிகாரம் வாங்கி வந்திருந்தார். பால் சொசைட்டிக்குத் தூக்கில் பாலை எடுத்துக்கொண்டு போகும் வழியெல்லாம் பொத்தானை அழுத்தி நேரம் பார்த்துக்கொண்டே போவேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

புதுச்சேரியைச் சேர்ந்த பாகூருக்கு மேற்கே, ஏரித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் விளையும் ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. அறுபது, எழுபது கிறிஸ்தவ வீடுகள், ஒரு சின்ன மாதா கோயில். பங்குச் சாமியார் வேறு ஊரில் இருந்தார். ஞாயிறு காலை ஆறரைக்கு ஸ்கூட்டரில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் உபதேசியார் ஐந்தரைக்கு மணியடித்து, மாதா சுரூபத்தின் முன்னால் விளக்கேற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார்.

அப்பாவுக்குத் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருந்த சாராயக் கடையில் வேலை. அரசாங்க ஏலத்தில் எடுத்த கடை, ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. சாராயம் கிடைக்காத அந்தப் பக்கத்து ஆட்கள் சைக்கிளிலும் மொபெட்டிலும் வருவதால் ஞாயிறுதான் அங்கே பெரிய நாள். அப்பா விடியலில் போய்த் தண்ணீர் பிடித்து, தரையைக் கழுவி, கிளாஸ்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, பொழுது சாயும் வரை நின்று ஊற்றிக் கொடுப்பார். அவர் குடிப்பதில்லை. ஊரில் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் வேறு விதமாகச் சொன்னார்கள்: "எங்கப்பா கடைக்குப் போயிட்டு வருவாரு. உங்கப்பன் கடையிலயே குடியிருக்கறாருடி." நான் சிரிப்பதுபோல் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இரண்டு நாள் பேசாமல் இருப்பேன். ஏன் என்று அவர் கேட்டதில்லை.

ஞாயிறு ஒரு மணி நேரமாவது பூசைக்கு வந்துவிட்டுப் போனால் என்ன என்று அம்மா சண்டை போடுவார். அப்பாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "அந்த வாடையோட உள்ள எப்டி வர்றது?" சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருடைய சட்டைகளை அம்மா தனியாகத்தான் ஊறவைப்பார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் வெல்லம் புளித்ததுபோன்ற ஒரு "வாடை" அக்குளிலும் காலரிலும் மிச்சமிருக்கும். அதையும் நான் அறிவேன். ஆனாலும் சாக்கு என்றே நினைத்தேன்.

அன்று காலை பூவரச மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். செருப்பைக் கழற்றிச் சைக்கிளடியில் விட்டிருந்தார். தலையில் கட்டும் துண்டு இடுப்பில் இருந்தது. கம்பிக்கு அப்பால் விளக்கு வெளிச்சத்தில் மாதாவின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்திருக்கும். நாங்கள் வகுப்பில் மனப்பாடம் செய்த எந்தச் செபத்தையும் அவர் சொல்லவில்லை, பெயர்களைச் சொன்னார். லூர்து, இது அம்மா. ஸ்டெல்லா, இது நான். அந்தோணி, என் தம்பி. அதோடு நிற்கவில்லை. கலியன், முருகையன், ஏம்பலத்து டிரைவர், பண்டசோழநல்லூர் தச்சர் என்று போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் கடைக்கு வருகிறவர்கள். கலியன் எங்கள் தெருவில் விழுந்து கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். பெயரை அவசரமில்லாமல் சொல்லிவிட்டு, "பாத்துக்க தாயி" என்றார். பிறகு நெற்றியால் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான்கு நிமிடம். அடுத்தடுத்த நாட்களிலும் பார்த்தேன், ஒரு நாளும் தவறவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடம் நான் "புதுநன்மை" வாங்க வேண்டும், பூசையில் முதன்முறையாக நற்கருணை அப்பம் வாங்குவது. சனிக்கிழமை மதியம் பங்கிலிருந்து ஒரு சிஸ்டர் வந்து எங்கள் பதினான்கு பேருக்கு ஞான உபதேச வகுப்பு எடுப்பார். நல்லவர், தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரும் பிள்ளைகளுக்குத் தானே வைத்துச் சீவிவிடுவார். ஞாயிறு பூசைக்குக் காரணமில்லாமல் வராமலிருப்பது சாவான பாவம் என்று அவர் சொல்லிக்கொடுத்த வாரம் எனக்கு அப்பாவின் ஞாபகம்தான் வந்தது. சாவான பாவத்தோடு செத்தால் நேரே நரகம். அப்பா காரணத்தோடுதான் வரவில்லையா, அந்தக் காரணம் செல்லுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது சிஸ்டர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். வீட்டில் யார் பூசைக்கு வருகிறார்கள், யார் வருவதில்லை என்று எழுதுங்கள், வராதவர்களுக்காக நாம் வேண்டிக்கொள்வோம் என்றார். மற்றவர்கள் ஒருவர் தாளை ஒருவர் பார்த்து "எல்லாரும் வருவாங்க" என்று எழுதினார்கள். நான் கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன். "என் அப்பா பூசைக்கு வருவதில்லை. சாராயக் கடையில் இருக்கிறார்." இரண்டு வாக்கியம். முத்து முத்தான எழுத்து. எதற்காக எழுதினேன் என்பதை இன்றைக்குப் பிரித்துப் பார்த்தால் அதில் நரக பயம் கொஞ்சம் இருக்கிறது, சாமியார் கண்டித்தால் அப்பா கடையை விட்டுவிடுவார் என்ற கணக்குக் கொஞ்சம் இருக்கிறது, சிஸ்டர் மெச்ச வேண்டும் என்பது நிறையவே இருக்கிறது. மெச்சவும் செய்தார். "நீ ஒருத்திதான் பயப்படாம உண்மைய எழுதியிருக்க" என்று கூறி ஓரத்தில் தங்க நிறம் பூசிய ஒரு சூசையப்பர் படம் கொடுத்தார். சன்னலைப் பற்றி நான் எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. தாளில் இன்னும் பாதிக்குமேல் இடம் இருந்தது. சாராயக் கடைக்கு வருகிறவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு வெளியே நிற்பதை ஒரு செபம் என்று எழுதினால் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று தோன்றியது.

தாள்கள் சாமியாரிடம் போயின. அவர் புதிதாக வந்தவர், இளவயது, ஊரைச் சீராக்க வேண்டும் என்ற வேகம் உள்ளவர். பூசைக்கு வருகிறவர்கள்தான் இனி சப்பரம் தூக்க வேண்டும் என்று முடிவு செய்து, திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு பெயர்களை வாசித்தார். மாதா சப்பரத்தின் முன்பக்க வலது தண்டு என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு உரியது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அப்பா கடையில் லீவு கேட்பார். ஏரியில் குளித்து, கோடி வேட்டி கட்டி, அன்றைக்கும் உள்ளே போகாமல் வாசலில் நின்று, சப்பரம் வெளியே வந்ததும் தோள் கொடுப்பார். வாசித்த எட்டுப் பெயரில் அவர் பெயர் இல்லை.

சின்னப்பன் சித்தப்பா வந்து விஷயத்தைச் சொன்னார். அப்பாவின் பெரியப்பா மகன். எதையும் அடக்கிச் சொல்லத் தெரியாதவர். "உம் பொண்ணுதான் எழுதிக் குடுத்துச்சாம் ணா. கையெழுத்து நல்லாருக்குன்னு சிஸ்டரு எல்லார்கிட்டயும் காட்டினாங்களாம்." அம்மா கையை ஓங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வுடு லூர்து" என்றார். "எழுதனது நெசந்தான. அப்பறம் இன்னா."

திருவிழாவன்று சாயங்காலம் சப்பரம் எங்கள் தெருவுக்கு வந்தபோது, எல்லா வீட்டையும்போல நாங்களும் வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றி, சப்பரத்தின் மேல் தூவக் கையில் உப்பும் மிளகும் வைத்துக்கொண்டு நின்றோம். தெருமுனையில் சாக்கடையை ஒட்டித் திரும்பும் இடம் குறுகல். வலது தண்டுக்குப் புதிதாக வந்திருந்த பையன் கொஞ்சம் தடுமாறியதில் மாதா சுரூபம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. "எடது கால முன்ன வையி, எடது கால வையி" என்று அப்பா முனகினார், அவனுக்குக் கேட்டிருக்காது. பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன்: அவருடைய வலது தோள் ஒரு அங்குலம் கீழே இறங்கியிருந்தது. சப்பரம் நிமிர்ந்து போன பிறகும் அது உடனே மேலே வரவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பா பூசைக்கு வந்தார். கடைக்காரரிடம் என்ன பேசினார் என்று தெரியாது. ஞாயிறு மட்டும் காலை எட்டு மணிக்குமேல் வந்தால் போதும் என்று ஏற்பாடு. விடியுமுன் குளித்து, போகும் முன் மறுபடி குளித்து, கதவோரம் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எல்லாரும் எழுந்தபோது எழுந்தார், முழங்காலிட்டபோது முழங்காலிட்டார், ஒரு நொடி பிந்தி. பூசை முடிந்ததும் சாமியார் என்னைக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்து, "பாப்பா, உங்கப்பாவ நீதான் கோயிலுக்குக் கொண்டாந்த" என்றார். சுற்றி நின்ற பெண்கள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார், உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

திங்கட்கிழமை பாலை எடுத்துக்கொண்டு போனேன். ஐந்து முப்பத்தைந்துக்குக் கோயில் சுவரோரம் சைக்கிள் இல்லை. செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. அப்பா ஏரிக்கரை வழியாகப் போகத் தொடங்கியிருந்தார்; அது சுற்றுவழி, மழைக்காலத்தில் சேறு. ஒரு மாதம் பார்த்துவிட்டு, ஒருநாள் அவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, ஏதோ தற்செயலாகத் தெரிந்தவள்போல, இப்போதெல்லாம் ஏன் கோயில் பக்கம் நிற்பதில்லை என்று கேட்டேன். பம்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அதையும் அறிந்திருந்தேன், அறிந்தும் எழுதவில்லை என்பது அந்த நேரத்தில்தான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோபம் ஒன்றும் இல்லை. "அதான் ஞாயித்துக்கெழம போறனேம்மா" என்றார். மறுபடி காற்றடிக்கத் தொடங்கினார்.

பூசைக்குப் போவது வீண் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தோணிக்குப் பிறகு பிறந்த குழந்தை மூன்றாம் நாள் இறந்தபோது அம்மா வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஞாயிறு பூசையில், பாட்டுக்கு நடுவில், இரண்டு பக்கமும் பெண்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்தில்தான் அழுதார், அழுது எழுந்தார். கூட்டமாகச் சொல்லும் செபம் இல்லாமல் அம்மாவின் விசுவாசம் நின்றிருக்காது. அப்பாவுடையது வேறு வகை. அதற்கு வெளிச் சுவர் போதுமாக இருந்தது. ஆள் பார்க்காமல் இருந்தாலும் போதுமாக இருந்தது. ஆனாலும் ஒன்றை நான் அறுதியிட்டுச் சொல்ல முடியாது: ஏரிக்கரையில் சைக்கிள் மிதித்துக்கொண்டே அவர் அந்தப் பெயர்களைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதி. நான் பார்க்கவில்லை.

மறுவருடப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. தோள் வலி என்று சொல்லிவிட்டார். அதற்கடுத்த வருடமும் தோள் வலி.

பதினொரு வருடம் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். நான் புதுச்சேரியில் ஒரு செய்தித்தாளில் சேர்ந்த வருடம் மஞ்சள் காமாலையில் இறந்தார். குடிக்காதவருக்கு அந்த நோய் வந்ததையும் ஊர் ஒரு வேடிக்கையாகப் பேசியது. அடக்கப் பூசையில், அவரை இரண்டு வருடமே அறிந்த வேறொரு சாமியார், ஞாயிறு கடனை ஒருமுறைகூடத் தவறவிடாத விசுவாசி என்று பிரசங்கம் செய்தார். பிழை திருத்துவதே வேலையாகிவிட்ட நான் முதல் வரிசையில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைக் கேட்டேன். அதில் திருத்த ஒன்றும் இல்லை. கல்லறை மேட்டுக்கு வந்தவர்களில் கலியன் இருந்தார். கடைசியாக மண் போட்டவர் அவர்தான்.

பழைய கோயிலை இடித்துவிட்டார்கள். புதியதில் நிறக் கண்ணாடி, பளிங்குத் தரை, ஒலிபெருக்கி எல்லாம் இருக்கிறது. சன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்டன. பால் சொசைட்டிக் கட்டடத்தில் மொபைல் ரீசார்ஜ் கடை நடக்கிறது. எல்லைக் கடை சாலை விரிவாக்கத்தில் போனது. சப்பரம் இப்போது டிராக்டரில் வருகிறது. யார் தூக்குவது என்ற பேச்சே இல்லை.

அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டதால் அந்தோணி வாங்கிக்கொடுத்த போனில், கட்டிலில் சாய்ந்தபடி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பூசை பார்க்கிறார். முடிந்ததும், பத்து மணி வாக்கில், எனக்குப் போன் செய்வார். சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால், "பூசை கண்டியா ஸ்டெல்லா" என்று கேட்பார். கண்டேன் என்று சொல்கிறேன். நான் குடியிருக்கும் தெருவிலிருந்து கோயில் ஆறு நிமிட நடை. நான் போவதில்லை.