தேங்காய்த் தோல்

சுதர்ஷினியைப் பற்றி எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும், "அது ஒரு மாதிரிங்க டீச்சர், அடுத்த வீட்டுல பச்சத் தண்ணிகூடக் குடிக்காது" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பூனாகலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷமாகப் படிப்பிக்கிறேன். எத்தனையோ தாய்மார்களைப் பார்த்தாயிற்று. இவள் அளவுக்கு என் உயிரை எடுத்தவள் வேறு யாருமில்லை. இப்போது அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை கூசுகிறது.

இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். கணக்கில் கோட்டை விட்டதால் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுபோனது. மூன்று வருஷம் குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தாள். திரும்பி வந்து சதீஸ்குமாரைக் கட்டினாள். அவன் கொழும்பில் ஒரு சாமான் கடையில் நிற்கிறான், தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் வருவான். முதல் பிள்ளை ஏழாம் மாதமே தங்காமல் போயிற்று. இரண்டாவதுதான் தனுஜா, என் வகுப்புப் பிள்ளை. அவ்வளவுதான் சுதர்ஷினியின் சொத்து.

தனுஜாவுக்கு ஐந்து வயதானபோது ஒருநாள் காலையில் கண் இரண்டும் திறக்க முடியாமல் முகம் வீங்கி எழுந்தாள். லயத்து வீடுகளில் எல்லோரும் குளவி கொட்டியிருக்கும் என்று சுண்ணாம்பு தடவினார்கள். இரண்டு நாளில் காலும் வயிறும் வீங்கின. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினாள். கிட்னி வழியாக உடம்பின் சத்து வெளியே போகிற வியாதி, குளிசை மாத்திரைக்கு அடங்கும், உப்பு ஆகாது, ஆனால் திரும்பத் திரும்ப வரும், வளர்ந்த பிறகுதான் விட்டுப்போகும் என்றார் டாக்டர். இருபத்தாறு நாள் பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக் கிடந்தாள் சுதர்ஷினி. அங்கே கிடந்தபடிதான் கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். மூன்று வருஷத்துக்குப் பிள்ளை வாயில் கவிச்சி படாது. அது முடிகிற ஆடியில் பிள்ளையே பால்காவடி எடுக்கும். வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்தில் கட்டிவிட்டாள்.

இறைச்சியை விடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. எங்கள் லயங்களில் அது எப்போதாவதுதான் வேகும். இந்தப் பாழாய்ப்போன மாசிதான் சங்கடம். சம்பலில் மாசி, பருப்பில் மாசி, கீரை வறுத்தால்கூட ஒரு கிள்ளு மாசி. அது கருவாடாக்கிய மீன் என்பதே இந்த நாட்டில் பாதிப் பேருக்கு மறந்துபோய்விட்டது. சுதர்ஷினிக்கு மறக்கவில்லை. தனிச் சட்டி, தனி அகப்பை வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் கதவைச் சாத்துவாள். பகல் சாப்பாட்டு நேரத்தில் கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து இறங்கி ஓடிவந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு பள்ளிக்கூட வாசலில் நிற்பாள்.

"டீச்சர், சத்துணவுல இன்னைக்கு என்னாங்க?"

"நெத்தலி."

"எம் புள்ளைக்கு வேணாங்க. இந்தாங்க, சோறு கொண்டாந்திருக்கேன்."

ஒவ்வொரு நாளும் இதே கதை. எனக்கு எரிச்சல் வரும். ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்.

"ஏன் சுதர்ஷினி, ஒரு நெத்தலி தெரியாமப் பட்டுட்டா சாமி கண்ணக் குத்திருமா?"

அவள் கோபிக்கவில்லை. "கண்ணக் குத்துனாப் பரவாயில்லங்க. புள்ளையத் தூக்கிட்டுப் போயிருமே" என்றாள்.

தினமும் விடிந்ததும் கிளினிக்கில் கொடுத்த கண்ணாடிக் குழாயில் பிள்ளையின் சிறுநீரை விட்டு, மருந்துச் சொட்டு ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். தெளிவாக இருந்தால் காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் போவாள், பேர் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறுவாள். பால் மாதிரி வெளுத்தால் வியாதி திரும்புகிறது என்று அர்த்தம். இரண்டு வருஷம் எட்டு மாதம் அது வெளுக்கவில்லை. டாக்டர் குளிசையால் என்றார். அவள் முருகனால் என்றாள். எனக்கு டாக்டர் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. அது எவ்வளவு பெரிய திமிர் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆடிக்கு நாலு மாதம் இருக்கும்போது அந்தப் பயணம் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு புண்ணியவான், எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கொழும்புப் பக்கம் இருக்கிற ஒரு பெரிய விளையாட்டுப் பூங்காவுக்கு அனுப்ப முன்வந்தார். ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, குட்டி ரயில் எல்லாம் உண்டு. எங்கள் அதிபர் இரகுநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், மென்மையான மனிதர். "ஒரு பிள்ளையையும் விட்டுட்டுப் போகாதேங்கோ டீச்சர், விடுபட்ட பிள்ளையின்ர முகத்தைப் பிறகு பாக்க ஏலாது" என்றார்.

சுதர்ஷினி மாட்டேன் என்றாள். தனுஜா மூன்று நாள் அழுதாள். கடைசியில் நான்தான் லயத்துக்குப் போய் உட்கார்ந்து பேசினேன்.

"அந்தப் பூங்காவுக்குப் போன் பண்ணி ஒரு மரக்கறிச் சாப்பாடு சொல்லிட்டேன். நான் பாத்துக்கிறேன். எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"ஒங்க மேல இல்லாம வேற யாரு மேலங்க டீச்சர்?" என்றாள். அன்றைக்கு அந்தப் பேச்சு எனக்குப் பெருமையாக இருந்தது.

முப்பத்தெட்டுப் பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள். மற்ற டீச்சர் பெரகலை இறக்கத்திலேயே வாந்தி எடுக்கத் தொடங்கி, கொழும்பு வரைக்கும் பொலித்தீன் பையும் கையுமாகவே வந்தாள். தனுஜாவும் எடுத்தாள். காலையில் விழுங்கிய குளிசை அப்படியே வெளியே வந்துவிட்டது. வெறும் வயிற்றில் குளிசை கொடுக்கவே கூடாது என்று சுதர்ஷினி எனக்குப் பத்துத் தடவை சொல்லியிருந்தாள். சரி, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

பூங்கா வாசலில் காவல்காரன் பைகளைத் திறந்து பார்த்தான். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். சுதர்ஷினி கட்டிக் கொடுத்த டப்பாவை வாங்கி இலக்கம் போட்டு அலுமாரியில் வைத்தான். உப்புப் போடாத ரொட்டியும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் அதில் இருந்தன. வருத்தக்காரப் பிள்ளை, கிட்னி வியாதி என்று சொல்லிப் பார்த்தேன். உள்ளே எல்லாம் கிடைக்கும் மிஸ் என்றான். சண்டை பிடித்திருக்கலாம். பின்னால் பிள்ளைகள் ராட்டினத்தைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் விட்டுக்கொடுத்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் முப்பத்தெட்டுப் பெட்டிகள் வந்தன. முப்பத்தெட்டும் கோழிச் சோறு. மரக்கறி சொன்னேனே என்றால், அப்படி ஒன்றும் எழுதவில்லை என்றாள் அங்கிருந்த பெண். தனுஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒன்றில் கோழிப் பொரியல். இன்னொன்றில் முட்டை போட்ட நூடில்ஸ், முட்டை இல்லாமல் தரமாட்டானாம், காலையிலேயே கலந்தாயிற்றாம். மூன்றாவதில் மீன் பணிஸ். அதற்கடுத்ததில் உருளைக்கிழங்குச் சீவல் இருந்தது, அதில் கொட்டிக் கிடந்த உப்பைப் பார்த்தால் டாக்டர் என்னைக் கொன்றேபோடுவார். வெளியே போய் டப்பாவை வாங்கி ஊட்டலாம் என்றால், வெளியேறினால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். பிள்ளைக்கு இன்னும் குட்டி ரயில் பாக்கி.

மணி இரண்டரை. வெயிலில் பிள்ளையின் உதடு காய்ந்துபோயிருந்தது.

"டீச்சர், எனக்குப் பசிக்கல" என்றாள். அது பொய் என்று எனக்குத் தெரியும். அவள் தாயின் பிள்ளை, என்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதாம்.

மூலையில் ஒரு சோற்றுக் கடை இருந்தது. என் சிங்களம் பசார்ச் சிங்களம். காய்கறிக்கு 'எலவலு' என்பார்கள், அதை வைத்துக்கொண்டு, "எலவலு தியெனவத?" என்று கேட்டேன். "ஓவ் மிஸ், எலவலு விதரை" என்றான் கடைக்காரன். ஆமாம், காய்கறி மட்டும்தான் என்று அர்த்தம். அவன் மேல் பிழையே இல்லை. நான் காய்கறி கேட்டேன், அவன் காய்கறி கொடுத்தான். மச்ச மாமிசமே படாத சாப்பாட்டுக்கு 'நிர்மாங்ஷ' என்று வேறு சொல் இருப்பதைத் திரும்பி வரும்போது பஸ்காரர் ஜெஸீம்தான் சொல்லித் தந்தார். பதினோரு வருஷம் படிப்பிக்கிறேனாம், படிப்பு!

சோறு, பருப்பு, போஞ்சிக்காய், சம்பல். தனுஜா நாலு வாய் அள்ளிச் சாப்பிட்டாள். ஐந்தாவது வாயில் நின்றாள். நாக்கு நுனியில் எதையோ ஒதுக்கி, விரலில் எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"டீச்சர், இது மாசிங்களா?"

கபில நிறத்தில் ஒரு துணுக்கு. நான் சம்பலை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். மாசிதான். பருப்பிலும் அதே வாடை. அந்தப் பக்கம் இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள், மற்ற டீச்சர் வாங்குப் பலகையில் மல்லாந்து கிடந்தாள், கையில் குளிசை, பிள்ளை காலையிலிருந்து பட்டினி. என் தலை வெடித்துவிடும் போல இருந்தது.

"மாசி இல்லடி. தேங்காத் தோலு. அடி வரைக்கும் துருவிட்டாங்க. சாப்பிடு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். துணுக்கை வாயில் போட்டுக்கொண்டாள். தட்டை வழித்துச் சாப்பிட்டாள். குளிசையும் விழுங்கினாள். பிறகு குட்டி ரயிலில் ஏறி எனக்குக் கை காட்டினாள். மாலையில் தண்ணீரில் ஆடிவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் விடிந்ததும், பெரட்டுக்குக்கூடப் போகாமல், சுதர்ஷினி பள்ளிக்கூட வாசலில் நின்றாள். டப்பாவை வாசலில் வாங்கிவிட்டார்கள், உள்ளே மரக்கறிச் சோறு வாங்கிக் கொடுத்தேன் என்று சொன்னேன்.

"கவிச்சி ஏதும் படலியேங்க டீச்சர்? மாசி கீசி?"

"இல்ல சுதர்ஷினி. நானே ருசி பாத்துத்தான் குடுத்தேன்."

"சரிங்க" என்றாள். நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாலு மாதம்தானே, ஆடி வந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தனுஜாவுக்குச் சளி பிடித்தது. பதினாறாம் நாள் குழாயில் பால் மாதிரி வெளுத்தது.

நான் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் பழைய தனுஜாவாக இல்லை. கன்னம் உப்பி, கண் இரண்டும் கோடாக இருந்தன. சளி பிடித்தால் இந்த வியாதி திரும்பும் என்று டாக்டர் சொன்னாராம். சுதர்ஷினி அதைக் காதில் வாங்கவில்லை. கட்டிலுக்குக் கீழே அதே பாய். மடியில் அந்த மஞ்சள் துணி. முடிச்சை அவிழ்த்து வைத்திருந்தாள்.

"எல்லாம் என் தப்புதாங்க டீச்சர். ரெண்டு கெழமைக்கு முன்ன என் அகப்பைக் காம்பு முறிஞ்சிருச்சு. பக்கத்து வீட்டு அகப்பைய வாங்கி ஒரு நேரம் பருப்பக் கிண்டிட்டேன். கழுவித்தான் கிண்டுனேன். இருந்தாலும் பட்டிருக்கும். வேற எதுலங்க பட்டிருக்கும்?"

"சுதர்ஷினி..." என்று தொடங்கினேன்.

"இனி மொதல்ல இருந்துதாங்க. இன்னும் மூணு வருசம். நானும் சேந்து இருக்கப் போறேன், ஒரு நேரச் சோறோட. பள்ளிக்கூடத்துலயும் இனி ஒண்ணும் குடுக்காதீங்க. பயணம் கியணம் ஒண்ணும் வேணாங்க."

மூன்று வருஷம். கொழுந்து மலையில் நாள் முழுக்க நிற்கிற உடம்புக்கு ஒரு நேரச் சோறு. ஒரு கரண்டிச் சம்பலுக்கு நான் சொன்ன பொய்யின் கடனை இவள் தன் வயிற்றால் கட்டப் போகிறாள். சொல்லிவிட வேண்டும் என்று பஸ் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"இன்னொரு பாவமும் பண்ணிட்டேங்க. பயணம் போயிட்டு வந்து, சம்பல்ல மாசி இருந்திச்சும்மான்னு சொல்லுச்சு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. அதான் விடியவே ஒங்கள வந்து கேட்டேன். நீங்க இல்லன்னு சொன்னீங்க. டீச்சர் பொய் சொல்வாங்களா? வீட்டுக்குப் போய் வெறகுக் குச்சியால நாலு போட்டேன். சாமி விசயத்துல பொய் சொல்றியா, டீச்சர் மேலயே பழி போடுறியான்னு. காலு வீங்குற புள்ளைய அந்தக் கால்லயே அடிச்சேன் டீச்சர்."

வார்டில் யாரோ தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. தனுஜா கட்டிலில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடான கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"நீங்களே அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க டீச்சர், அது மாசி இல்லன்னு. அதுக்கப்புறம் முடிச்சுப் போட்டுர்றேன்" என்றாள் சுதர்ஷினி. காசைத் துணியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். நான் வாய் திறப்பதற்குள் தனுஜா முந்திக்கொண்டாள்.

"மாசி இல்லம்மா. அது தேங்காத் தோலு. அடி வரைக்கும் துருவிட்டாங்க." வகுப்பில் விடை சொல்லிவிட்டுக் கேட்பது போல என் பக்கம் திரும்பினாள். "சரிதானே டீச்சர்?"

நான் தலையாட்டினேன். சுதர்ஷினி முடிச்சுப் போட்டாள்.