முதலில் ஓடினேன்

பள்ளி வேன் ஓட்டிய அவரை ஊரில் எல்லாரும் நத்தை என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள், அவரும் கோபித்துக்கொண்டதில்லை. சைக்கிளில் போகிற தபால்காரர் வேனை முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். "பின்னால உக்காந்திருக்கிறது மணல் மூட்டை இல்லப்பா, பிள்ளைங்க" என்று ஜன்னல் வழியாகச் சொல்வார் நத்தை. வருஷக்கணக்காக ஓட்டியும் ஒரு பிள்ளையின் முட்டி சிராய்த்ததில்லை. தினமும் காலையில் சாவியைத் திருகும் முன், ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக் கண்ணை மூடுவார். "ஆண்டவரே, பத்திரமா கொண்டுபோய்ச் சேர்க்க எனக்குத் தைரியம் குடுங்க." அவ்வளவுதான் ஜெபம். நீட்டி முழக்க அவருக்கு வராது. அதெல்லாம் சபைப் பாடகர் குழுவில் இருந்த அவர் மனைவியின் துறை.

வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருந்தாள். பிள்ளைகளுக்கு அவள் வேன் அக்கா. கணவன் திடீரென்று இறந்து, இரண்டு மகள்களோடு அவள் திக்குத் தெரியாமல் சபையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாளில், நத்தைதான் பள்ளி நிர்வாகியிடம் பேசி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். "நீங்க இல்லன்னா நாங்க நடுத்தெருவுலதான் நின்னிருப்போம்ண்ணே" என்று அவள் அடிக்கடி சொல்வாள். "நான் வாயைத் திறந்தேன், அவ்வளவுதான். மிச்சத்தை ஆண்டவர் செஞ்சாரு" என்பார் அவர். சொல்லும்போது மனசுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் போகும்.

ஒருநாள் பள்ளி விட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும்போது ரப்பர் தீயும் வாடை வந்தது. வெளியே யாரோ குப்பையைக் கொளுத்துகிறார்கள் என்று நினைத்தார். அடுத்த திருப்பத்தில் ஸ்டியரிங்குக்குக் கீழிருந்து புகை கிளம்பியது. டயர்க்கடைக்கு எதிரே ஓரமாக நிறுத்தினார். நிறுத்திய அதே நேரம் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் தீ குபுக்கென்று எட்டிப் பார்த்தது.

அவர் கதவைத் திறந்து குதித்து ஓடினார்.

எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. உள்ளங்கை டயர்க்கடையின் பக்கச் சுவரில் பட்டபோதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. பிள்ளைகள் ஏறி இறங்கும் பக்கக் கதவை ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டனை அழுத்தினால்தான் திறக்க முடியும். வழியில் எந்தப் பிள்ளையும் கதவைத் திறந்துவிடக் கூடாதென்று அவரே கேட்டு வைத்த ஏற்பாடு அது. அந்தப் பட்டனை அவர் அழுத்தவில்லை. பிள்ளைகளைப் பூட்டிவிட்டு ஓடி வந்திருந்தார்.

வேனுக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. "ஒருத்தர் சட்டைய ஒருத்தர் புடிச்சுக்குங்க. பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல!" பின்பக்க அவசரக் கதவு துருப்பிடித்துக் கிடந்தது. அவள் அதைக் காலால் உதைத்தாள், தோளால் இடித்தாள். கதவு திறந்தது. பிள்ளைகள் இருமிக்கொண்டும் அழுதுகொண்டும் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். முன்வரிசையில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்த இரண்டு பேரை அவள் உள்ளே போய் இழுத்து வந்தாள். அப்போதுதான் அவள் முன்கை வெந்தது.

நத்தையின் கால்கள் அதற்குப் பிறகுதான் திரும்பின. வேன் பக்கம் ஓடினார். பின்கதவருகே தலைகளை எண்ணிக்கொண்டிருந்த அக்கா, "சின்னது ஒண்ணு இல்லண்ணே!" என்று கத்தினாள். அவர் உள்ளே ஏறினார். கண் எரிந்தது. ஒன்றும் தெரியவில்லை. தரையில் தடவியபோது ஒரு சீட்டுக்கு அடியில், புத்தகப் பையைக் கட்டிப்பிடித்தபடி சுருண்டு கிடந்த ஒரு சின்னப் பெண் கைக்குக் கிடைத்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு புகையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தார்.

அதுவரை கடைக்குள்ளே இயந்திர இரைச்சலில் ஒன்றும் கேட்காமல் இருந்த டயர்க்கடைக்காரர், சரியாக அந்த நேரத்தில் செல்போனோடு வெளியே வந்தார். முகமெல்லாம் கரி, மார்பில் குழந்தை, பின்னால் எரிகிற வேன். அந்தப் படம் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. புகையிலும் அலறலிலும் அவர் முதலில் ஓடியதைப் பிள்ளைகள் யாரும் கவனித்திருக்கவில்லை.

ஒரு பிள்ளைக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. அந்தச் சின்னப் பெண்ணின் அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் நத்தையைக் கட்டிப்பிடித்து, தோள் நனைய அழுதார். "என் பொண்ணைத் திருப்பிக் குடுத்துட்டீங்க. உங்களுக்கு நான் என்ன செய்யப்போறேன்?" நத்தை வாயைத் திறந்தார். "நல்ல வேளை" என்பது மட்டும் வந்தது. அதையும் அவருடைய தன்னடக்கம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஓடியதைக்கூட அவர் ஒருவேளை தனக்குத்தானே மன்னித்திருப்பார். அது உடம்பு செய்த காரியம். நெருப்பைக் கண்ட உடம்பு அவரிடம் அனுமதி கேட்கவில்லை. அவரைத் தின்றது வேறொன்று. இரண்டு நாள் கழித்து சவரம் செய்துகொள்ளப் போயிருந்தார். கடையில் இருந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அந்த நேரத்துல பிள்ளைங்ககிட்ட என்னண்ணே சொன்னீங்க? கத்தியிருக்குமே எல்லாம்?" என்று கேட்டார் சவரக்காரர், கத்தியை நிறுத்திவிட்டு.

கன்னத்தில் நுரையோடு நத்தை சொன்னார். "'பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல'ன்னு சொன்னேன்."

சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவளுடைய வார்த்தையை, வெந்த கையோடு வீட்டில் கிடக்கிறவளின் வார்த்தையை, யாரும் கழுத்தில் கத்தி வைக்காமலே அவர் எடுத்துப் போட்டுக்கொண்டார். கழுத்துக்குப் பக்கத்தில் கத்தி இருந்தது உண்மைதான், ஆனால் அது சவரக் கத்தி.

அன்று முதல் அவருக்கு ஜெபம் வரவில்லை. சாப்பாட்டுக்கு முன் "ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தால் தொண்டை அடைத்துக்கொண்டது. புகையைக் குடித்த தொண்டை என்று மனைவி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

அந்த வாரமே போதகர் வீட்டுக்கு வந்தார். "வர்ற ஞாயிறு நன்றி ஆராதனை வெச்சிருக்கோம். பிள்ளைங்க, பெத்தவங்க எல்லாரும் வர்றாங்க. நீங்க சாட்சி சொல்லணும். அந்தப் போட்டோவையும் சட்டம் போட்டு வாங்கிட்டோம்."

"எனக்கு மேடையெல்லாம் வேணாங்கய்யா."

"உங்களுக்காக இல்ல. ஆண்டவர் எப்படித் தைரியம் குடுத்தார்னு நாலு பேர் கேக்கணும்ல?"

மனைவி அதற்குள் என்ன பாட்டுப் பாடலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வேன் அக்காவின் வீட்டுக்குப் போனார். கையில் கட்டோடு அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். மூத்த மகள் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டு, "உக்காருங்கண்ணே" என்றாள் அக்கா. அவர் உட்காரவில்லை.

"நாளைக்குச் சபையில என்னைப் பேசச் சொல்றாங்க."

"கேள்விப்பட்டேன். நல்லதுதானே?"

"அன்னிக்கு நீ... பாத்தியா?"

அவள் கட்டுத்துணியின் நுனியை நிமிண்டினாள். "ஓடினதையும் பாத்தேன். திரும்பி வந்ததையும் பாத்தேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"எதுக்குச் சொல்லணும்? எனக்குச் சோறு போடுற வேலைய வாங்கிக் குடுத்தவரு நீங்க. உங்களைக் காட்டிக்குடுத்துட்டு எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நான் ஜெபம் பண்றது?"

நத்தைக்கு அடித்ததுபோல் இருந்தது. தான் என்றோ செய்த ஒரு உதவிக்குப் பின்னால் இப்போது தானே ஒளிந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. அவள் நன்றியை அவர் கதவாகச் சாத்திக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு இருக்கு" என்று சவரக்கடையில் சொன்னதையும் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் அவள் முகம் மாறியது.

"அதை நீங்க சொன்னதாவா சொன்னீங்க?"

"ஆமா."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "போங்கண்ணே. சொல்ல வேணாம். சொன்னா வேலை போயிரும். வயசான காலத்துல எங்க போவீங்க?" என்றாள். கோபத்திலும் அவரைப் பற்றித்தான் கவலைப்பட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பி வழிந்தது. பாடகர் குழுவில் அவர் மனைவி முதல் வரிசையில் நின்று, என்றைக்கும் இல்லாத உற்சாகத்தோடு பாடினாள். பலிபீடத்துக்குக் கீழே துணி போர்த்திய சட்டம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அக்கா கட்டுப்போட்ட கையோடு கடைசி பெஞ்சில், எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். போதகர் அழைத்ததும் நத்தை எழுந்து போனார். இப்போதும் அந்தக் கால்கள் வாசல் பக்கம்தான் இழுத்தன. மைக் கீச்சென்று கத்தி அடங்கியது.

"எனக்குப் பேச வராது" என்று ஆரம்பித்தார். "தீயைப் பாத்ததும் நான் முதல்ல ஓடினேன்."

யாரோ சிரித்தார்கள். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

"நிஜமாத்தான் சொல்றேன். கதவு திறக்குற பட்டன் என் கைக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. அதை அமுக்காம ஓடினேன். டயர்க்கடை சுவர் வரைக்கும் ஓடினேன். பிள்ளைங்களை வெளியே கொண்டாந்தது, அதோ, கையில கட்டோட உக்காந்திருக்காங்களே, அவங்க. கடைசியா ஒரு பிள்ளையைத்தான் நான் தூக்கினேன். அதுவும் அவங்க சொல்லித்தான் தெரியும். 'பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல'ன்னு சொன்னதும் அவங்கதான். அதை நான் சொன்னதா வெளியே சொல்லிக்கிட்டேன். தினமும் தைரியம் கேட்டேன். ஆண்டவர் வேனுக்குள்ளதான் அனுப்பியிருந்தாரு. ஆளைத்தான் நான் தப்பா நெனச்சுட்டேன். எல்லாரும் அவங்களுக்கு நன்றி சொல்லணும். முதல்ல நான் சொல்லணும். என்னை மன்னிச்சிருங்க."

மன்னித்துவிட்டோம் என்று யாரும் எழுந்து சொல்லவில்லை. கைதட்டலும் இல்லை. போதகர் துணி போர்த்திய சட்டத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியில் "ஜெபிப்போம்" என்றார். இக்கட்டில் அவருக்கு வேறு என்ன தோன்றும்? தலைகள் குனிந்தன. அக்காவும் குனிந்துகொண்டாள், அவமானப்பட்டவள்போல.

வாசலில் அந்தச் சின்னப் பெண்ணின் அப்பா காத்திருந்தார். ஆஸ்பத்திரியில் கட்டிப்பிடித்த கைகள் இப்போது முஷ்டியாக இருந்தன. "உள்ள பூட்டிட்டு ஓடினீங்களா? என் பொண்ணையுமா?"

"ஆமாங்க."

அவர் அடித்திருந்தால்கூட நத்தைக்குத் தேவலையாக இருந்திருக்கும். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

வீட்டில் மனைவி பாட்டுப்புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு, திரும்பாமலே கேட்டாள். "எங்கிட்ட மட்டுமாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? உன் புருஷன் பெரிய வீரன்னு தெருவெல்லாம் சொல்றதைக் கேட்டுக்கிட்டு, தலை நிமிந்து நின்னு பாடினேனே."

"உங்கிட்ட சொல்லத்தான் ரொம்ப பயமா இருந்துச்சு."

அவள் அன்று பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாள், "குழம்புல உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள். உப்பு கூடத்தான் இருந்தது. சரியாக இருப்பதாகச் சொன்னார்.

பள்ளி நிர்வாகி கூப்பிட்டனுப்பும் முன்பே அவர் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு, ஒரு மெத்தைக்கடையின் சரக்கு வண்டியை ஓட்டும் வேலையில் சேர்ந்தார். "மெத்தைக்கு நத்தை, நல்ல பொருத்தம்" என்றார் தபால்காரர். ஊர் அவரை அதற்குமேல் தண்டிக்கவில்லை. சிலர் முன்னைவிட மரியாதையாகக்கூடப் பேசினார்கள். அந்த மரியாதையும் அவருக்குக் குத்தியது. உண்மையைச் சொன்னதற்கும் ஒரு பாராட்டா என்று கூசினார்.

வேன் அக்கா அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். பின் ஒருநாள் மெத்தைக்கடை வாசலில் வந்து நின்றாள். கட்டு அவிழ்த்த கை, முழங்கை வரை வேறு நிறமாக இருந்தது. அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"பள்ளிக்கூடத்துல எல்லா டிரைவரையும் வரச் சொல்லியிருக்காங்க. தீப்பிடிச்சா பிள்ளைங்களை எப்படி இறக்கணும்னு நான் காட்டணுமாம். எல்லாம் உங்களால வந்த வினை" என்றாள். "நாலு பேர் முன்னால எனக்கு வாய் வராது. நீங்களும் வந்து நில்லுங்க."

"என்னைப் பாத்தா சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். எப்படி ஓடாம இருக்கிறதுன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு அந்த நேரத்துல ஓடத் தோணவே இல்ல. உங்களுக்குத்தான் அது தெரியும்."

அவர் போனார். நிறுத்தி வைத்த வேனுக்குள் அவள் பின்கதவை உதைத்துத் திறந்து காட்டினாள். அவர் ஓட்டுநர்களை ஒவ்வொருவராக இருக்கையில் உட்காரவைத்து, கண்ணை மூடச்சொல்லி, பட்டனைத் தேடி அழுத்தச் சொன்னார். "கால் முந்தும். அதுக்குள்ள கை முந்தணும். கைக்குப் பழக்குங்க."

மீசை வைத்த ஒரு ஓட்டுநர் கேட்டார். "இனிமே தீப்பிடிச்சா நீங்க ஓட மாட்டீங்களாக்கும்?"

"தெரியலையே" என்றார் நத்தை. யாரும் சிரிக்கவில்லை.

கொஞ்ச மாதம் கழித்து அவர் மெத்தை இறக்கப் போன ஒரு வீட்டில், அந்தச் சின்னப் பெண்ணின் அப்பா கதவைத் திறந்தார். மெத்தை மாடி அறைக்கு. படி குறுகல், ஒரு ஆளால் ஆகாது. பெண்ணின் அப்பா மறுமுனையைப் பிடித்தார்.

"பார்த்து. திருப்பம் இருக்கு" என்றார் பாதி வழியில்.

மேலே வைத்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். நத்தை குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "நீங்க ஓடினதை நெனச்சா இப்பவும் கொதிக்குது. திரும்பி வந்ததை நெனச்சா அழுகை வருது. ரெண்டுல எதை வெச்சுக்கிறதுன்னு தெரியல."

"எனக்கும் அப்படித்தாங்க" என்றார் நத்தை.

கீழே பள்ளி விட்டு வந்த பெண்ணின் குரல் கேட்டது. புது மெத்தை வந்துவிட்டதா என்று கேட்டபடி படியேறிக்கொண்டிருந்தாள். நத்தை சொம்பை வைத்துவிட்டு, அவள் ஓடி வர வழிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.