கதவுக்கு வெளியே நின்ற கடைக்காரன்

1993 ஆனி, இரண்டாம் வெள்ளி. முக்கூடலில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் என் கடை நொடித்துப்போய், மறுநாள் மெஷினை விற்பதாக இருந்தேன். அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வெற்றுக் கேசட்டோடு வந்தார். துபாயில் இருக்கும் கணவருக்குப் பேசி அனுப்ப வேண்டுமாம்.

மெஷினை ஓடவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லா இருக்கியளான்னு ஆரம்பிங்கம்மா" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுலயும் டேப் இருக்கு. பக்கத்துலயே மாமியாரும் இருக்காவ. இங்கன வந்தா நீங்க இருக்கீய. செத்த நேரம் வெளிய நிக்கீயளா?"

கதவைச் சாத்திவிட்டு, ஒன்றும் புரியாமல் என் கடை வாசலிலேயே நின்றேன். உள்ளே சிரிப்புக் கேட்டது. பிறகு அழுகை. அரை மணி கழித்து வெளியே வந்தவர், "நாளைக்கு எங்க அக்காளையும் கூட்டிட்டு வாரேன். கடை உண்டும்லா?" என்றார்.

"உண்டும்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ! நாட்குறிப்பில் காலையில் எழுதிவைத்த 'கடை மூடல்' என்ற வரியை அடித்தேன்.

ஆவணிக்குள் களக்காட்டிலிருந்துகூடப் பெண்கள் வந்தார்கள். குடும்பம் நிமிர்ந்தது. பாட்டுகளைத் தேடித் தேடிப் பதிந்தபோது தோற்றவன், வாசலில் சும்மா நின்று சம்பாதித்தேன். என்ன வியாபாரம் செய்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.