நாலு முறை கூப்பிட்டார்

ஒலிபெருக்கியில் என் அப்பா என்னைக் கூப்பிட்டார். எனக்கு நன்றாகக் கேட்டது. நான் போகவில்லை.

கூட்டத்தில் காதில் விழவில்லை என்று மூன்று வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். பொய்! உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன்... நீங்கள் என்னை அறியாதவர் என்பதால்.

மார்கழித் திருவாதிரைத் திருவிழா. குற்றாலத்தில் தேரோட்டம் பார்க்கச் சுரண்டையிலிருந்து குடும்பத்தோடு போயிருந்தோம். அப்பாவுக்கு மறதி நோய் முற்றத் தொடங்கியிருந்த காலம் அது. முப்பது வருடம் தென்காசிப் பேருந்தில் நடத்துநராக இருந்த மனிதர், சொந்த வீட்டில் கழிப்பறைக்கு வழி கேட்பார். எந்நேரமும் என் கையைப் பிடித்தபடியே இருப்பார். தூக்கத்திலும் விடமாட்டார்.

கணவரும் மகளும் தேர் வடம் பிடிக்கப் போனார்கள். அப்பாவை ஒரு கடை பெஞ்சில் உட்காரவைத்து, "இங்கனயே இருங்கப்பா, டீ வாங்கிட்டு வாரேன்" என்றேன். திரும்பி வந்தால் பெஞ்ச் காலி. பதறிப்போய்த் தேடினேன். அந்தப் பதற்றம் பொய்யில்லை, நம்புங்கள்.

அப்போதுதான் போலீஸ் பந்தலிலிருந்து அந்தக் குரல். மைக்கை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள் போலும்.

"ஏட்டி செல்வி... அப்பா இங்கன நிக்கேன். வாட்டி."

அப்பாடா, பத்திரமாக இருக்கிறார்! அடுத்த கணமே... எப்படிச் சொல்வது? என் கையைப் பார்த்தேன். யாரும் அதைப் பிடித்திருக்கவில்லை.

ஐந்தே நிமிடம் என்றுதான் நினைத்தேன். தனியாக நின்று ஒரு டீ குடித்து எத்தனை மாதம் ஆகியிருந்தது! டீக்கடைக்குத் திரும்பிப் போய்ச் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கினேன். அருவிப் பக்கமிருந்து குளிர்காற்று வீசியது. இரண்டாம் முறை கூப்பிட்டார். இன்னொரு பஜ்ஜி வாங்கினேன். மூன்றாம் முறை குரல் உடைந்துவிட்டது. "எங்கட்டி போன?" நான் மென்றுகொண்டிருந்தேன். நானெல்லாம் ஒரு மகளா? நாலாம் முறை பெயர் மட்டும்தான் வந்தது. பிறகு பக்திப் பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

அரை மணி நேரம் கழித்துப் போனேன். வேட்டி நனைந்து, நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"உங்க பேரச் சொல்லித்தான்க்கா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. கேக்கலையா?" என்றாள் பெண் காவலர்.

"கூட்டத்துல கேக்கலம்மா."

கையை நீட்டினேன். அப்பா தன் கையை இழுத்துக்கொண்டார். "நீ யாரும்மா?"

அன்றிலிருந்து நான் அவருக்கு வேற்றாள். கணவர் என்னைத்தான் தேற்றினார்: "நீ என்ன செய்வ, அம்புட்டுக் கூட்டம்லா." எப்படியும் ஒருநாள் உங்களை மறந்துதான் போயிருப்பார் என்றார் மருத்துவர். இருக்கலாம்... ஆனால் முதல் முறை கூப்பிட்டபோதே நான் ஓடியிருந்தால்? மருத்துவரிடம் அதைக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

சோறு ஊட்டும்போது சில நாள் அப்பா என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொல்வார். "எனக்கு ஒரு மக உண்டும்மா. செல்வின்னு பேரு. கூப்பிட்டேன், வரல."

"அவளுக்குக் கேட்டிருக்காதுப்பா" என்பேன். அவரிடமும்!

உடனே அவர் முகம் தெளிந்துவிடும்.

"ஆமா. கேட்டிருந்தா ஓடி வந்திருப்பால்லா" என்று வாயைத் திறப்பார். நான் அடுத்த உருண்டையை ஊட்டுவேன்.