அம்மாவுக்கு அங்கே என்ன வேண்டும்

மைசூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பேர் கூடித் தமிழில் கதை எழுதிப் பழகுகிறோம். பாதிப் பேருக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் சரளம். நானும் அதில் சேர்த்தி. நடத்துகிறவர் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். தயவு தாட்சண்யமே பார்க்கமாட்டார்.

"நடந்ததச் சுருக்கிச் சொல்லாதீங்க. கண்ணு முன்னாடி நடக்க விடுங்க" என்றார் ஒருநாள். அடுத்த வாரம், பல வருடங்களுக்கு முன் நடந்த என் வீட்டு கிரகப்பிரவேசத்தைக் காட்சியாக எழுதிக்கொண்டு போனேன். பால் பொங்குகிறது, அலுவலகத்துக்காரர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், அம்மா சமையலறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்து மனம் குளிரச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கடைசி வரியை நானே ரசித்து இரண்டு முறை வாசித்தேன். அவ்வளவு நன்றாக எழுதிவிட்டேனாம்.

அந்தப் பெண் கேட்டார்: "எல்லாம் சரி சார், அந்த அம்மாவுக்கு அங்க என்ன வேணும்? காட்சிக்குள்ள ஒரு ஆள் வந்தா அவங்களுக்கு ஏதாவது வேணுமில்ல? இவங்க சும்மா பொம்மை மாதிரி உக்காந்திருக்காங்களே."

எனக்குச் சுருக்கென்றது. அம்மாவை அப்படி உட்கார வைத்தவனே நான்தான். கொள்ளேகால் பக்கத்தில் எங்கள் ஊர் மார்டள்ளியிலிருந்து முந்தின நாளே பஸ் ஏறி வந்தவளிடம், "ஆபீஸ்காரங்க எல்லாம் வருவாங்கம்மா. உன் கன்னடத்தக் கேட்டா சிரிப்பாங்க. நீ வாயத் திறக்காம சிரிச்சுட்டு மட்டும் இரு" என்று சொல்லி வைத்திருந்தேன். கதையில் அந்தப் பேச்சை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்து, அன்றைக்கு உனக்கு என்ன வேண்டியிருந்தது என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"உன்ற மேனேஜரு சம்சாரம் பக்கத்துல வந்து உக்காந்தாங்க கண்ணு. மாசமா இருந்தாங்க, மூச்சு வாங்குச்சு. எத்தன மாசம், சோறு எறங்குதான்னு கேக்கோணும்னு இருந்துச்சு. கேட்டிருப்பேன். கொள்ளேகால் சந்தையில முப்பது வருசம் கன்னடத்துலதான தக்காளி வித்தேன்?"

"அப்புறம்?"

"அவங்களே என்னமோ கேட்டாங்க. சிரிச்சேன். மறுக்காவும் கேட்டாங்க. சிரிச்சேன். ஊமைன்னு நெனச்சுக்கிட்டாங்க போல. போறப்ப சாடையிலயே போய்ட்டு வரேன்னாங்க. நானும் சாடையிலயே சொன்னேன். உன்ற மானம் போயிரக் கூடாதில்ல."

அம்மா இதைக் குறையாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னாள். நான் கூனிக் குறுகிப்போனேன். கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் அலுவலகத்தில் மேனேஜர் என் தோளில் கைவைத்து, அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை இத்தனை வருடமும் என் வீட்டுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "அந்த நாளக் கதையா எழுதிட்டிருக்கேன்மா" என்றேன்.

"அப்படியா கண்ணு?" அம்மாவின் குரலில் ஆசை தெரிந்தது. "கதையில நான் பேசறனா?"

மேசைமேல் கிடந்த தாள்களைப் பார்த்தேன். 'இல்லம்மா' என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் அதையே சொன்னேன்.