நெற்றி வரை வந்த மாப்பிள்ளை

தம்புசாமி அண்ணனுக்கு எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. உலையில் அரிசி போட்டால், வெந்துவிட்டதா என்று மூடியைத் திறப்பார். மூடிவிட்டுப் போய், திரும்பி வந்து மறுபடியும் திறப்பார். அவர் மனைவி இருசம்மா அக்கா கரண்டியோடு விரட்டுவார். வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டால், வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப நடுவார். அந்த மரவள்ளி எப்படி வளரும்? எங்கள் ஊரான பத்து பெரண்டாமில் அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அதனால் இதெல்லாம் எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இளவயதில் சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தோட்டத்தில், ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் புகைக்கூடத்தில் வேலை பார்த்தாராம். காய்ந்துவிட்டதா என்று கதவைத் திறந்து திறந்து பார்த்ததில் புகையெல்லாம் வெளியே போய், ஷீட் ஈரமாகவே தொங்கியிருக்கிறது. மேற்பார்வை மண்டோர் தலையில் அடித்துக்கொண்டு அவரை வெளிக்காட்டு வேலைக்கு விரட்டிவிட்டார். தோட்டத்தை விட்டு இங்கே வந்த பிறகுதான் மனுஷனுக்கு விடிவு. ஃபேக்டரி ஒன்றில் ஜாகா வேலை, அதாவது காவல். பூட்டை ஆட்டிப் பார்ப்பதற்குச் சம்பளமே தருகிறார்கள்! ஆட்டி ஆட்டி ஒரு பூட்டைக் கழற்றியும் விட்டார், அது வேறு கதை.

தொண்ணூற்றெட்டில் அவர் மகள் இந்திராதேவி வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, டெலிபோன் வயரில் இன்டர்நெட் போட்டாள். அப்போது எங்கள் வரிசையிலேயே அந்த ஒரு வீட்டில்தான் அது உண்டு. பட்டனை அமுக்கினால் முதலில் டயல் சத்தம், அப்புறம் கீ என்று ஒரு கூச்சல், அப்புறம் கரகரவென்று ஒரு இழுப்பு. என் வீட்டுச் சுவரைத் தாண்டி வரும். நான் ஜெபமாலை சொல்லும் நேரத்தில்தான் வரும். மாதாவே, என்னை மன்னியுங்கள், அந்தச் சத்தத்தை நான் திட்டாத நாளில்லை.

அந்த நேரம் பார்த்து இந்திராவுக்கு ஒரு வரன் வந்தது. பையன் பெயர் பிரவின், நியூசிலாந்தில் வேலை. "எங்க பையன் படத்த இமெயில்ல அனுப்பிடுவான், தபால்லாம் பழைய காலம்" என்று அவன் அம்மா பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை பதில் கேட்க வருகிறார்கள். இல்லையென்றால் பாயா ரும்புட்டில் வேறொரு பெண் பார்த்து வைத்திருக்கிறார்களாம்.

இந்திரா பிடிவாதமாக இருந்தாள். முன்பு ஒரு வரனுக்குப் படத்தில் ஒரு ஆள் வந்தான், நேரில் வேறொரு ஆள் வந்தான். பாவம், அந்தப் பிள்ளை ஒரு வாரம் அழுதது. "மூஞ்சியப் பார்க்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன் ஆன்ட்டி. அவ்வளவுதான்" என்றாள். நல்ல இடம். கை நழுவினால் இருசம்மா அக்கா படுத்த படுக்கையாகிவிடுவார். எல்லாம் அந்தப் படத்தைப் பார்ப்பதில் நின்றது.

அந்தக் காலத்துப் படம் லேசில் வராது. மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முதல் நாள் எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். முடி வந்தது. நெற்றி வந்தது. நெற்றிக்குப் பின்னால் ஒரு அலமாரி. லைன் கட்.

"அலாமாக்!" என்றாள் இந்திரா.

தம்புசாமி அண்ணன் சமையல்கட்டிலிருந்து வந்தார். "லைன் நல்லாத்தான் இருக்கு. இப்பதான் பார்த்தேன். கம்ப்யூட்டர்தான் கோளாறு."

மறுபடி போட்டாள். முடி, நெற்றி, கட். மறுநாளும் நெற்றியோடு சரி. அதற்குள் வரிசை வீட்டுப் பெண்களெல்லாம் வந்து நெற்றியை வைத்தே மாப்பிள்ளையை எடை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

"நெத்தி நல்லா அகலமா இருக்கு, புத்திசாலி" என்றார் இருசம்மா அக்கா.

"பின்னால அலமாரியப் பாருங்க அக்கா, வசதியான வீடுதான்" என்றேன் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"நான் என்ன நெத்தியவா கட்டிக்கப் போறேன்?" என்று இந்திரா சீறினாள்.

தம்புசாமி அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தான் இருக்கும்போது மகள் கல்யாணம் ஒரு வயரால் கெடுவதா? மோடம் பெட்டியைத் துடைத்தார். அதன்மேல் எலுமிச்சம்பழம் வைத்தார். கடைசியில் கம்பெனிக்கே போன் போட்டார். அங்கிருந்த மலாய்ப் பெண் மாமா முறை வைத்து, "சரி பாக்சிக், இப்போது இன்டர்நெட்டைப் போட்டுப் பாருங்கள்" என்று சொன்னதாம். போட்டால் போன் கட்டாகும். போனை வைத்தால்தான் இன்டர்நெட் வரும். திரும்பக் கூப்பிட்டார், அந்தப் பெண் திரும்பவும் அதையே சொன்னது. கடைசியாகக் கூப்பிட்டபோது, "ஜாங்ஙான் அங்காட் தெலிபோன்" என்றதாம். போனைத் தூக்காதீர்கள் என்று அர்த்தம்.

வைத்துவிட்டு எங்களிடம் கத்தினார். "நான் எங்கலா போனத் தூக்கினேன்? ஹால்ல உள்ளது மேசையிலயே கெடக்கு. சமையல்கட்டுல உள்ளது செவுத்துல ஆணி அடிச்சு மாட்டியிருக்கு. அத யாரு தூக்க முடியும்?"

நியாயம்தானே என்று நாங்களும் தலையாட்டினோம். அவர் போய் சமையல்கட்டுப் போன் பெட்டிக்கு இன்னும் இரண்டு ஆணி அடித்துவிட்டு வந்தார்.

ஞாயிறு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மத்தியானம் வருவார்கள். காலையிலேயே இந்திரா கம்ப்யூட்டரைப் போட்டாள். கீ, கரகர. முடி வந்தது. நெற்றி வந்தது. அன்றைக்கு அதிசயமாகப் புருவமும் வந்தது. எனக்குப் படபடப்பில் நாக்கு வறண்டது. தண்ணீர் குடிக்கச் சமையல்கட்டுக்குப் போனேன்.

அங்கே தம்புசாமி அண்ணன் சுவர்ப் போனின் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்கிறார்.

"என்னாண்ணே பண்றீங்க?"

"ஸ்... லைன் இருக்கான்னு பார்க்கிறேன். கரகரன்னு ஒரே எரைச்சல் ஜெனட். தெனமும் இப்படித்தான். கொஞ்ச நேரம் புடிச்சிக்கிட்டே இருந்தா கிளியர் ஆயிடும்." ஒரு நிமிஷம் கேட்டார். முகம் மலர்ந்தது. "ஆங், இப்ப பாரு! சுத்தமா ஆயிடுச்சு!"

ஹாலிலிருந்து இந்திராவின் குரல் வந்தது. "ஐயோ, போச்சு!"

என் கையில் தம்ளர் இருந்தது. அவர் மண்டையில் போடாமல் இருந்தது யேசுவின் கிருபை. இத்தனை நாளும் படம் வர வர, இந்த மனுஷன் ரிசீவரை எடுத்து எடுத்து மாப்பிள்ளையின் கழுத்தை நெற்றியிலேயே வெட்டியிருக்கிறார். "அண்ணே, அந்த எரைச்சல்தாண்ணே இன்டர்நெட்!" என்றேன்.

அவர் நம்பவில்லை. சொல்லிப் புரிய வைக்க நேரமும் இல்லை. அவரைச் சும்மா உட்கார வைத்தால் மறுபடியும் எடுப்பார். எனக்கு ஒரு யோசனை வந்தது. "கோளாறு வெளியிலதான் இருக்கும்ணே. கம்பத்துல வயரு ஆடுது போல. யாராவது நின்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்."

மனுஷன் செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

இந்திரா மறுபடி போட்டாள். முடி, நெற்றி, புருவம், கண். நல்ல கண். மூக்கு, மீசை, சிரிப்பு. லட்சணமான பையன்! இருசம்மா அக்கா கும்பிட்டே விட்டார். படம் இன்னும் இறங்கியது. தோள் வந்தது. கை வந்தது. பின்னால் இருந்தது சமையல்கட்டு அலமாரி. அடுப்பில் சோற்றுப்பானை. பையன் ஒரு கையால் பானை மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான்.

இருசம்மா அக்காவின் கும்பிட்ட கை கீழே இறங்கியது.

"வேணாண்டி" என்றார் இருசம்மா அக்கா. அழுகிற குரல். "நான் படற பாட்டப் பார்த்துமா? வேணாண்டி தங்கம்."

இந்திரா வாசல் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். கொளுத்துகிற வெயிலில், கம்பத்துக்கடியில், வெறுங்காலைத் தார் ரோட்டில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, தலையை அண்ணாந்து அவர் வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். காக்கா ஒன்று உட்கார வந்தது. கையை வீசி விரட்டினார்.

"சரின்னே சொல்லிடுங்கம்மா" என்றாள் இந்திரா.

"அப்பா! உள்ள வாங்கப்பா, படம் வந்திடுச்சு!"

ஓடி வந்தார். மூச்சு வாங்க, கம்ப்யூட்டருக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். பையனின் முகத்தை அல்ல, பானையை. வெகுநேரம் பார்த்தார்.

"பொறுப்பான பிள்ளலா" என்றார். "தொறந்து பார்க்கிறாரு பாரு."

பிறகு, லைன் நன்றாகத்தான் இருக்கிறதா என்று பார்க்கச் சமையல்கட்டுக்குப் போனார்.