கஞ்சி கெடுத்த சோதனை

என் தமையனார் பெருங்குடல் புற்றுநோயால் மறைந்தபின், உடன்பிறந்த நானும் குடலைச் சோதித்துக்கொள்ள வேண்டுமென மருத்துவர் கூறினார். நான் நாள் கடத்தினேன். ஊரிகத்தில் தனித்து வாழும் அண்ணியார்தாம் விடவில்லை. மலத்தில் குருதி கண்டபோது அண்ணன் முதலில் கேட்டது என்னைத்தான். நூல்கள் சிலவற்றைப் புரட்டிவிட்டு, மூலநோயாக இருக்கும் என்றவனும் நானே. அண்ணியார் அதனை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பெங்களூரு மருத்துவமனையில் ஒரு தாள் தந்தார்கள். முந்திய நாள் முழுதும் அடி தெரியும்படி தெளிந்த நீர்மங்கள் மட்டுமே. பிற்பகலிலும் மாலையிலும் பேதி மருந்து. அதன்பின் காலையில் வெறும் வயிறு. கட்டிலுக்கும் கழிப்பறைக்குமாக நடந்தே அந்நாள் தீர்ந்தது.

விடியலில் மாரிகுப்பம் நிலையத்தில் வண்டி ஏறப் புறப்படுகையில், மனைவி ஒரு குவளையை நீட்டினாள். கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டியிருந்தாள். கஞ்சி குடிக்காத எவரையும் ஷிஃப்டுக்கு அனுப்பாத சுரங்கத் தொழிலாளி வீட்டில் வளர்ந்தவள் அவள்.

“கஞ்சி இன்னா சோறாங்க? தண்ணிதானே. எங்கப்பா இத்த குடிக்காம ஒருநாளும் கேஜ்ல சுரங்கத்துக்குள்ள எறங்குனதில்ல.”

தாளைப் படித்திருந்தும் குடித்தேன். மறுத்துப் பேசத் தெம்பில்லை என்பது பாதி உண்மை, பசி மறுபாதி.

கடைசியாக எப்போது, என்ன குடித்தீர்கள் என்று செவிலி கேட்டாள். மறைக்கவில்லை. அவள் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

“எந்த ஊரு தாத்தா, தங்கவயலா? அங்கேருந்து வர்றவங்க பாதிப் பேரு ராகி குடிச்சிட்டுத்தான் வர்றாங்க. மயக்கத்துல அது மேல வந்து மூச்சுக்குழல்ல எறங்கிட்டா இன்னா பண்றது? இன்னிக்கு ஆகாது, போங்க.”

பதினைந்து நாள் கழித்து எல்லாவற்றையும் மீண்டும் செய்தேன். அதே மருந்து, அதே நடை, அதே வண்டி. இம்முறை மனைவி அடுப்பையே மூட்டவில்லை. தானும் பட்டினியாக உடன் வந்தாள்.

மயக்கம் தெளிந்தபோது மருத்துவர் திரையில் ஒரு படம் காட்டினார். குடற்சுவரில் அவரைப்பருப்பு அளவில் ஒரு தசைமுளை. சோதனையின்போதே அகற்றிவிட்டதாகவும், ஆய்வுக்கு அனுப்பியிருப்பதாகவும், பார்வைக்குத் தீங்கற்றதாகவே தெரிவதாகவும் சொன்னார். விட்டிருந்தால் சில ஆண்டுகளில் புற்றாக மாறியிருக்கக்கூடும். ஆகவே குறித்த காலத்தில் மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்றார். மீண்டும் அந்த மருந்தா என்ற அலுப்பே எனக்கு முதலில் தோன்றியது. மகிழ்ச்சி பிந்தித்தான் வந்தது.

திரும்பும் வண்டி கோரமண்டல் நிலையத்தைக் கடந்ததும் மனைவி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“உங்கண்ணனுக்கும் அப்பவே பாத்திருந்தா, இப்டி எடுத்திருப்பாங்களா?”

“எடுத்திருப்பாங்க.”

அடுத்த நிலையம் ஊரிகம். வரும் வழியில் இறங்கி முடிவைச் சொல்லிவிட்டுப் போகுமாறு அண்ணியார் காலையிலேயே தொலைபேசியில் சொல்லியிருந்தார். எனக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னால் அவர் நிறைவடைவார். அகற்றியதைச் சொன்னால் மனைவி கேட்டதையே அவரும் கேட்பார். வண்டி நின்றதும் மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டு இறங்கினேன், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடு.